ஓதலும் வாசிப்பும்

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் ஓதுதல், வாசித்தல், படித்தல் என்பவை மூன்று வேறு காரியங்கள். குர்ஆனை ஓதுவார்கள். பத்திரிகையை வாசிப்பார்கள். பரீட்சைக்குப் படிப்பார்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டுப் பேசினால் சிறு பிள்ளையும் சிரிக்கும். எழுத்தைப் பார்க்கும்போது மூளையில் என்ன நிகழ்கிறது என்று கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிவியலாளர்கள் ஆராய்ந்து கண்ட ஒரு வேறுபாட்டை, எங்கள் மக்களின் பேச்சு எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. ஆனால் அந்த வேறுபாட்டைப் பிள்ளைகளின் கல்வியில் நாம் பயன்படுத்துவதில்லை என்பதுதான் எனது ஆதங்கம்.

முதலில் அறிவியல் சொல்வதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

சுவாமி விபுலாநந்தர் காரைதீவில் பிறந்த அதே 1892ஆம் ஆண்டில், பிரெஞ்சு நரம்பியல் வைத்தியர் ஜூல் டெஜரின் ஒரு விசித்திரமான நோயாளியைப் பற்றி அறிக்கையிட்டார். அந்த மனிதர் நன்றாகப் பேசினார், பேசுவதை விளங்கிக்கொண்டார், எழுதவும் செய்தார். ஆனால் தாம் எழுதியதையே அவரால் வாசிக்க முடியவில்லை. எழுத்தின் வடிவத்தை விரலால் வரைந்து பார்த்தால் மட்டும் அது இன்ன எழுத்தென்று அடையாளம் கண்டார். மூளையின் இடப் பக்கத்துப் பின்பகுதியில் ஏற்பட்ட பாதிப்பே காரணம் என்று டெஜரின் நிறுவினார். கண் இருக்கிறது, மொழியும் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் பாதைதான் அறுந்துபோயிற்று.

நூறாண்டுக்குப் பிறகு, மூளை இயங்கும்போதே படமெடுக்கும் கருவிகள் வந்தபின், பிரான்ஸ் நாட்டின் ஸ்தனிஸ்லாஸ் டெஹேன், லோறன் கோஹன் ஆகியோர் எழுத்துக்களை அடையாளம் காணும் பகுதி எதுவென்று துல்லியமாகக் காட்டினார்கள். தமிழோ சீனமோ அரபோ, எந்த எழுத்தை வாசிப்பவருக்கும் ஏறக்குறைய அதே இடம்தான். மனித இனம் எழுதத் தொடங்கி ஐயாயிரம் ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆகிறது. ஆகவே வாசிப்பதற்கென்று பிறவியிலேயே ஓர் உறுப்பு நமக்கு அமைந்திருக்க வாய்ப்பில்லை. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண இருந்த இடத்தில் ஒரு பகுதியை எழுத்துக்காகப் பழக்கி எடுத்திருக்கிறோம். வாசிப்பு இயற்கையாக வருவதன்று. ஒவ்வொரு பிள்ளையின் தலைக்குள்ளும் புதிதாகக் கட்டப்படுவது.

கட்டப்படும் அந்தப் பாதை ஒன்றல்ல, இரண்டு. முதலாவது, எழுத்தை ஒலியாக மாற்றி, ஒலியைக் காதால் கேட்பதுபோல் உள்ளே கேட்டு, அதன் வழியே பொருளை அடைவது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை இந்த வழியில்தான் போகிறது. புதிய ஊர்ப்பெயரோ மருந்தின் பெயரோ எதிர்ப்பட்டால் நாமும் இதே வழியில்தான் போகிறோம். இரண்டாவது, பல நூறு தடவை கண்ட சொல்லை ஒரு முகத்தை அறிவதுபோல் ஒரே பார்வையில் அறிந்து நேரே பொருளுக்குச் செல்வது. தேர்ந்த வாசகரிடம் இரண்டும் ஒருங்கே இயங்குகின்றன.

பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்கு இது புதுமையன்று. ஆசிரிய பீடத்தில் நாலு பேர் பார்த்த தலைப்பில் ஓர் எழுத்து இடம் மாறியிருக்கும். காலையில் தேநீர்க் கடையில் பத்திரிகையை விரிக்கும் வாசகர் முதற் பார்வையிலேயே அதைப் பிடிப்பார். 'அக்ரகைப்பற்று' என்று அச்சாகியிருந்தாலும், செய்தியின் ஓட்டத்தில் விரையும் கண் அதை அக்கரைப்பற்று என்றே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பழைய அச்சகங்களில் ஒருவர் மூலப்பிரதியை உரத்து வாசிக்க, ஒப்புநோக்குநர் அச்சுப்படியில் விரல் வைத்துப் பார்ப்பார். நேர்வழியில் தாவிச் செல்லும் கண்ணை ஒலியின் வழிக்கு இழுத்து வரும் உபாயம் அது.

2003இல் உலகமெங்கும் ஒரு மின்னஞ்சல் சுற்றியது பலருக்கும் நினைவிருக்கலாம். சொல்லின் முதலெழுத்தும் கடையெழுத்தும் சரியாக இருந்தால் போதும், நடுவே எப்படிக் குழம்பினாலும் வாசிக்கலாம் என்று கேம்பிரிட்ஜ் ஆய்வு கூறுவதாக அதில் இருந்தது. அப்படியொரு ஆய்வு அங்கு நடக்கவில்லை. 1976இல் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரகாம் ரோலின்சன் என்பவர் செய்த கலாநிதிப் பட்ட ஆய்வுதான் அதற்கு மிக நெருங்கியது. மின்னஞ்சல் சொன்ன அளவுக்கு மூளை எதையும் பொறுத்துக்கொள்வதில்லை. பழகிய சொல், சிறிய இடமாற்றம், தெளிவான சந்தர்ப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அந்த வித்தை பலிக்கும்.

இனி எங்கள் கரையோரத்துக்கு வருவோம். இங்கே ஒரு முஸ்லிம் பிள்ளை ஒரே காலத்தில் இரு எழுத்து முறைகளைக் கற்கத் தொடங்குகிறது. பாடசாலையில் தமிழ் இடமிருந்து வலமாக ஓடுகிறது; ஓதப் பள்ளிக்கூடத்தில் அரபு வலமிருந்து இடமாக ஓடுகிறது. பின்னர் ஆங்கிலமும் இரண்டாம் தேசிய மொழியாகச் சிங்களமும் வந்து சேர்கின்றன. ஹீப்ரு, ஆங்கிலம் ஆகிய இரண்டையும் அறிந்த இஸ்ரேலியர்களிடம் செய்து 1981இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், ஆங்கிலம் வாசிக்கும்போது கண் வலப்பக்கத்தில் அதிக தூரமும், ஹீப்ரு வாசிக்கும்போது இடப்பக்கத்தில் அதிக தூரமும் முன்னோக்கிப் பார்ப்பது தெரியவந்தது. கல்முனைப் பிள்ளையின் மூளையும் தினந்தோறும் இப்படித் திசை மாறிப் பழக வேண்டியிருக்கிறது. அதை ஒரு சாதனையாக நாம் எண்ணிப் பார்த்ததேயில்லை.

இதில் முக்கியமானது திசையன்று. ஓதப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை கற்பது, மேலே சொன்ன முதல் பாதையின் முற்பாதியை மட்டும். குர்ஆன் எழுத்துக்களின் மேலும் கீழும் உயிர்க்குறிகள் முழுமையாக இடப்பட்டிருக்கும். ஆகவே எழுத்து தெரிந்தால் ஒலி தெரிந்துவிடும். ஸீனையும் ஸாதையும் பிரித்து ஒலிக்கவும், தொண்டையின் ஆழத்திலிருந்து எழும் ஒலிகளைச் சரியான இடத்தில் பிறப்பிக்கவும் பிள்ளை பழகுகிறது. ஒலி பிழைத்தால் உடனே திருத்தம் கிடைக்கிறது. பொருள் மட்டும் பெரும்பாலும் வருவதில்லை. அந்த மொழி அதற்குத் தெரியாது. உயிர்க்குறிகள் இல்லாமல் அச்சாகும் அரபுப் பத்திரிகையொன்றை அதன் கையில் கொடுத்தால் ஒலியும் நின்றுபோகும். அதற்குத்தான் ஓதல் என்று தனிப் பெயர் வைத்திருக்கிறோம்.

இதற்கு நேர் எதிரான ஒரு சான்றும் எங்கள் சமூகத்தில் உண்டு. அதுதான் அரபுத்தமிழ். தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதும் இம்முறை தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் முஸ்லிம்களிடையே பல தலைமுறைகளாக வழங்கியது. அரபில் இல்லாத ப, ட, ண, ள போன்ற ஒலிகளுக்கும், எ, ஒ ஆகிய உயிர்களுக்கும், இருக்கும் எழுத்துக்களில் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டி வடிவம் கண்டார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) இதில் பல நூல்கள் எழுதினார். தைக்கா சுஐப் ஆலிம் 1993இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பெருநூல் இந்த மரபை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது.

அந்நாளைய பெண்களில் பலர் பாடசாலைப் படியேறாதவர்கள். தமிழ் எழுத்து அவர்களுக்குத் தெரியாது. ஓதத் தெரியும், ஆகவே அரபு எழுத்து தெரியும். அந்த எழுத்தில் தமிழை வைத்துக் கொடுத்தபோது என்ன நடந்தது? எழுத்து ஒலியாயிற்று, ஒலி காதில் விழுந்தது, காதுக்கு அது தாய்மொழி, பொருள் வந்துவிட்டது. எந்த மூத்தம்மா குர்ஆனைப் பொருள் அறியாமல் ஓதினாரோ, அதே மூத்தம்மா அதே எழுத்தில் மார்க்கச் சட்டத்தையும் மாலைப் பாடல்களையும் பொருள் அறிந்து வாசித்தார். எழுத்து ஒன்று, கண் ஒன்று, மூளை ஒன்று. மொழி மாறியதும் ஓதல் வாசிப்பாயிற்று. ஒரு பரிசோதனைக் கூடத்தில் திட்டமிட்டாலும் இதைவிடத் தெளிவாக விஷயத்தைப் பிரித்துக் காட்ட முடியாது.

பிலிப் கோ, வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் இதையே ஒரு சமன்பாடாக எழுதினார்கள். வாசித்து விளங்குதல் என்பது, எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியை விளங்கும் திறனையும் பெருக்கி வரும் தொகை. கூட்டலன்று, பெருக்கல். இரண்டில் ஒன்று பூச்சியமானால் மற்றது எவ்வளவு பெரிதானாலும் விடை பூச்சியம். எழுத்தறியாத மூத்தம்மாவிடம் தமிழ்ப் பத்திரிகையைக் கொடுத்தாலும் பூச்சியம்தான். அரபறியாத பேரன் அரபு நூலைத் தடங்கலின்றி ஒலித்தாலும், விளங்குதல் என்ற கணக்கில் பூச்சியம்தான்.

இங்கேதான் எனக்குக் கவலை தொடங்குகிறது. பாடசாலையில் தமிழ்ப் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளை செய்வது வாசிப்பா, ஓதலா?

கல்முனைப் பிள்ளையின் வீட்டுத் தமிழில் உம்மா, வாப்பா, காக்கா, ராத்தா இருக்கிறார்கள். அது 'மறுகா' என்று சொல்லும். பாடநூல் 'பின்னர்' என்று சொல்லும். அது 'வாறன்' என்னும். பாடநூல் 'வருகிறேன்' என்னும். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையிலான தூரம் எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பொதுவானதுதான். வீட்டில் கதைப் புத்தகம் வாசித்துக் காட்ட ஆளில்லாத பிள்ளைக்கு அந்தத் தூரம் இன்னும் கூடுகிறது. அத்தகைய பிள்ளை எழுத்தைச் சரியாக ஒலித்துவிடும். தமிழ் நெடுங்கணக்கு 247 எழுத்துக்கள் கொண்டதாயினும், உயிரும் மெய்யும் சேரும் முறை ஒழுங்கானது. பிடிபட்டால் எதையும் ஒலிக்கலாம். ஆசிரியரும் 'நன்றாக வாசிக்கிறது' என்று திருப்திப்படுவார். வாசித்து முடித்ததும் 'என்ன வெளங்கின?' என்று யாரும் கேட்பதில்லை. ஓதலில் அந்தக் கேள்வி வழக்கமில்லை அல்லவா? அதே பழக்கம் தமிழுக்கும் வந்துவிடுகிறது.

இதைச் சொல்வதால் நான் ஓதலுக்கு எதிரானவன் என்று எவரும் எண்ண வேண்டாம். ஓதலுக்கு வணக்கம் என்ற தகுதி தனியே உண்டு. அது என் விவாதத்துக்கு அப்பாற்பட்டது. கல்வி என்ற கோணத்தில் மட்டும் பார்த்தாலும், எழுத்தையும் ஒலியையும் இவ்வளவு நுணுக்கமாக இணைக்கப் பழக்கும் பயிற்சி வீணாகாது. பிரேசிலிலும் போர்த்துக்கலிலும் எழுத்தறிந்தவர், அறியாதவர், வயது வந்தபின் கற்றவர் என 63 பேரிடம் டெஹேன் குழுவினர் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்தைக் கற்பது பேச்சொலியைக் கேட்கும் மூளைப் பகுதியையும் மாற்றுகிறது என்று காட்டியது. சிறு வயதில் தவறினாலும் வாசல் மூடுவதில்லை என்பதும் அதிலேயே தெரிந்தது. நான் சொல்வது இவ்வளவுதான்: ஓதத் தெரிவது வாசிக்கத் தெரிவதற்கு அத்தாட்சியாகாது.

அடுத்தது எழுத்துப் பிழை. ஈழத்துப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. பழம் என்பதையும் பள்ளம் என்பதையும் ஒரே ளகரத்தால் ஒலிக்கும் பிள்ளைக்கு, எங்கே எந்த எழுத்து என்பதை அதன் காது சொல்லித் தராது. கண் பார்த்து, பலமுறை பார்த்து, நினைவில் வைக்க வேண்டும். அதாவது இரண்டாவது பாதையைப் பழக்க வேண்டும். அதற்கு நிறைய வாசிப்பு தேவை. பிரம்பு தேவையில்லை. தமிழ் இலக்கணம் எழுத்து என்ற ஒரே சொல்லால் ஒலிவடிவத்தையும் வரிவடிவத்தையும் குறித்தது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதை இலக்கணக்காரர் அறிந்தேயிருந்தார்கள். கல்முனைக்குடி தந்த மொழியியலாளர் எம். ஏ. நுஃமானின் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' 1999இலேயே வெளிவந்துவிட்டது. இந்த ஊர்களில் மொழியியல் அறிவுக்குப் பஞ்சமில்லை. அது வகுப்பறைக்குள் வந்து சேர்வதில்தான் பஞ்சம்.

வேடிக்கை என்னவென்றால், பேச்சில் நாம் கைவிட்ட அதே ழகரத்தை அரபுச் சொற்களுக்கு விரும்பி எடுத்துக்கொண்டோம். தமிழ்நாட்டில் ரமலான் என்றும் ரம்ஜான் என்றும் எழுதுவதை இலங்கையில் ரமழான் என்கிறோம். வுழூ, காழி, பழீல் என்று பட்டியல் நீளும். பகரத்தின் பாடு இன்னும் கஷ்டம். 'பாரிஸ்' என்று அச்சிட்டால் அது பிரான்ஸின் தலைநகரா, சாய்ந்தமருதுப் பையனா என்பதை எழுத்து சொல்லாது. வசனம்தான் சொல்ல வேண்டும். 'கனி' பழமா மனிதரா? சந்தர்ப்பத்தைக் கொண்டு மூளை கணநேரத்தில் தீர்த்துவிடுகிறது. தேர்ந்த வாசகருக்கு இது சுமையேயன்று. தொடக்க வாசகருக்குச் சுமை. கணினிக்கு அதைவிடச் சுமை. முஸ்லிம் காங்கிரஸின் ஸ்தாபகத் தலைவர், 2000இல் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தவர், அவர் பெயரையே ஒருவர் அஷ்ரப் என்கிறார், மற்றவர் அஷ்ரஃப் என்கிறார். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமல் போகலாம். எது சரி என்று நான் தீர்ப்புக் கூறப் போவதில்லை. எந்த மரபையும் மூளை கற்றுக்கொள்ளும். ஒரே பக்கத்தில் இரண்டு மரபைக் கொடுத்தால்தான் தடுமாறும். பத்திரிகைகளும் பாடநூல்களும் ஒன்றைத் தெரிந்து அதிலேயே நிற்க வேண்டும்.

கடைசியாக, மிக முக்கியமான விஷயம். ஒவ்வொரு வகுப்பிலும் வாசிப்பில் பின்தங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 'மக்கு' என்றும் 'சோம்பேறி' என்றும் பெயர் வைத்துப் பின் வாங்கில் இருத்திவிடுகிறோம். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்பு இடர் அறிவுக் குறைவன்று. எழுத்தை ஒலியோடு இணைக்கும் பாதை மெதுவாகக் கட்டப்படும் நிலை. ஒலியும் எழுத்தும் ஒழுங்காகப் பொருந்தும் இத்தாலியம், ஜெர்மன் போன்ற மொழிகளில் அது பிழைகளாக அன்றி, மந்தமாகவே பெரும்பாலும் வெளிப்படும் என்பது ஆய்வு முடிவு. ஆகவே, சரியாக ஆனால் மிக மெதுவாக வாசிக்கும் பிள்ளையைத் தமிழ் ஆசிரியரும் கவனிக்க வேண்டும்.

எங்கள் ஊர்களில் இதைக் கண்டறிய ஓர் அரிய வசதி இருக்கிறது. ஒரே பிள்ளையை இரு எழுத்துக்களில் இரு ஆசிரியர்கள் பார்க்கிறார்கள். ஓதப் பள்ளிக்கூடத்திலும் தடுமாறி, தமிழ்ப் பாடத்திலும் தடுமாறும் பிள்ளைக்குப் பெரும்பாலும் எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் பாதையில் உதவி தேவை. நன்றாக ஓதி, தமிழையும் சரளமாக ஒலித்து, கேள்வி கேட்டால் விழிக்கும் பிள்ளைக்குத் தேவை மொழி. அதற்குக் கதை வேண்டும், பேச்சு வேண்டும், புத்தகம் வேண்டும். நோய் வேறு, மருந்து வேறு. மௌலவியும் பாடசாலை ஆசிரியரும் ஒருநாள் சந்தித்து ஒரு பிள்ளையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினால் பாதி வழி தெரிந்துவிடும். கண் பார்வையையும் செவியையும் பரிசோதித்துவிட்டால் மீதி வழியும் தெளியும். இதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டாம். ஆனால் அந்தச் சந்திப்புக்கு நாம் வழக்கம் ஏற்படுத்தவில்லை.

இன்னொரு யோசனையும் உண்டு. அரபு எழுத்தும் தமிழ் மொழியும் தெரிந்த எங்கள் பிள்ளைகளுக்கு அரபுத்தமிழைக் கற்பிக்கச் சில வாரங்கள் போதும். கூடுதலான சில குறிகளைத் தவிர, அவர்களிடம் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. பழம்பெட்டிகளில் கிடக்கும் ஏடுகளை அவர்களே திறந்து வாசிப்பார்கள். ஒலுவிலில் ஒரு தென்கிழக்குப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அது இதை முன்னின்று செய்யலாம். அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றும் பயன் வேறு. ஓதப் பழகிய எழுத்து, திடீரென்று தன் தாய்மொழியில் பேசத் தொடங்கும் கணத்தைப் பிள்ளை அனுபவிக்கும். எழுத்துக்குள் பொருள் இருக்கிறது, அதைத் தேட வேண்டும் என்று அப்போது தானாகவே அறியும். அந்தத் தேட்டம் வந்த பிள்ளை தமிழ்ப் பாடநூலையும் ஓதிவிட்டு மூடி வைக்காது.

பிள்ளை வாசித்து முடித்ததும் 'சரி' என்று தலையாட்டாமல், 'என்ன வெளங்கின புள்ள?' என்று கேட்போம். பதில் வரும்வரை காத்திருப்போம். இந்தக் கேள்வியை உம்மாவும் கேட்கலாம், வாப்பாவும் கேட்கலாம்; அதற்கு ஆசிரியப் பயிற்சி தேவையில்லை.